ஐயாவிடம் எப்படிச் சொல்வது?



இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு ஒரு போதகனாகிய எனக்குத் தயக்கம் உண்டு. இது ஆண்கள் பேசுகிற பொருள் அல்ல, அதிலும் பிரசங்க பீடத்தில் நிற்கிறவன் பேசத்தக்க பொருளே அல்ல என்று சிலர் எண்ணக்கூடும். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அதனால் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2009-ஆம் ஆண்டு. மும்பையில் நாங்கள் ஊழியம் செய்துவந்த சபையில் நாற்பத்தெட்டு வயதுள்ள ஒரு சகோதரி இருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பது வயதில் மணமகளாக வந்தவர். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிப்பார்; கணவர் அதைச் சைக்கிளில் கொண்டுபோய்த் தெருத்தெருவாக விற்றுவருவார். இத்தனை வேலைக்கு நடுவிலும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஒரு வாரமும் தவறமாட்டார். அந்த வருடத்தில் அவருடைய ஜெப விண்ணப்பம் எப்பொழுதும் ஒன்றாகவே இருந்தது: "இடுப்பு வலி, சரீர பெலவீனம்." நான் தலைமேல் கைவைத்து ஜெபிப்பேன். வலி குறைந்திருக்கிறது என்று இரண்டொரு முறை சாட்சியும் சொன்னார். இப்படியே எட்டு மாதங்கள் சென்றன.

அந்த மாதங்களில் ஒரு ஞாயிறு ஆராதனையில் பெரும்பாடுள்ள ஸ்திரீயைக் குறித்துப் பிரசங்கித்தேன். அவள் வைத்தியர்களிடம் ஆஸ்தியையெல்லாம் செலவழித்தும் பயனில்லாமற்போனதை மிகவும் அழுத்திச் சொன்னேன். அந்தச் சகோதரி இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் கூட்டம் முடிந்து அவர் எழுந்துபோன இடத்தில், பாயிலே இரத்தக் கறை இருந்ததை என் மனைவி கண்டாள். அடுத்த நாளே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், மூன்றாம் நிலை என்றார்கள். கதிரியக்க சிகிச்சையும் மருந்தும் கொடுக்கப்பட்டன. 2011-ஆம் ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அப்பொழுது அவருடைய மகளுக்குப் பதினாறு வயது.

மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபோது அவர் என் மனைவியிடம் சொன்னதை அவள் பல மாதங்கள் கழித்தே எனக்குச் சொன்னாள். "மாசாமாசம் வர்றது நின்னு ரெண்டு வருசம் ஆச்சும்மா. அதுக்கப்புறம் திரும்பவும் பட ஆரம்பிச்சது. ஐயாகிட்ட எப்படிம்மா சொல்ல? உங்ககிட்ட சொன்னா அது ஐயாவுக்குத்தானே போகும்?"

என்ன வலி, எத்தனை நாளாக, வேறு ஏதாகிலும் உண்டா, மருத்துவரிடம் காட்டினீர்களா என்று நான் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதே வருடங்களில், அதே நகரத்தில்

பின்னாளில் இந்நோயைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது ஒரு செய்தி என் மனதைக் குத்தியது. மும்பை பரேலிலுள்ள டாடா நினைவு மருத்துவமனையார் 1998-ஆம் ஆண்டு முதல் இந்நகரத்தின் 20 குடிசைப் பகுதிகளில் ஏறக்குறைய 1,50,000 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்திவந்தார்கள். டாக்டர் சுரேந்திர சாஸ்திரி அதற்குத் தலைமை தாங்கினார். ஆய்வில் சேர்ந்தவர்கள் 35 முதல் 64 வயது வரையுள்ள பெண்கள். சோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்ல. பள்ளிப்படிப்பு முடித்த சாதாரணப் பெண்களுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்து சுகாதாரப் பணியாளர்களாக அனுப்பினார்கள். கருவியோ, கடையில் விற்கிற வினிகர்தான். வேதத்தில் காடி என்று வாசிக்கிறோமே, அதுவே.

அந்தக் காடியை நீர்கலந்த அளவில் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பையின் வாயில் தடவுவார்கள். ஒரு நிமிடம் பொறுத்து விளக்கொளியில் பார்த்தால், மாறுதலடைந்த செல்கள் உள்ள இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். ஆரோக்கியமான இடம் நிறம் மாறாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இப்படிச் சோதிக்கப்பட்ட பெண்களுக்குள்ளே இந்நோயினால் உண்டாகும் மரணம், சோதிக்கப்படாதவர்களைக் காட்டிலும் 31 சதவீதம் குறைந்தது. 2013-ஆம் ஆண்டு இந்த முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. (ஒப்பிட்டுப் பார்க்கும்படி மறு பாதிப் பெண்களைப் பல வருடங்கள் சோதிக்காமல் விட்டது சரிதானா என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதே.)

நம் ஊர்ப் பக்கம் இதற்கு முன்னரே ஒரு சாட்சி இருந்தது. திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிளிக்கையில் கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மருத்துவமனை இருக்கிறது. அதை மையமாக வைத்து, 2000-ஆம் ஆண்டு தொடங்கி அம்மாவட்டத்துப் பஞ்சாயத்துகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் இதே காடிப் பரிசோதனையைச் செய்தார்கள். முப்பத்தோராயிரத்துக்கும் அதிகமான பெண்கள் முன்வந்தார்கள். ஒரேயொரு முறை சோதித்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்ததிலேயே அப்பகுதியில் இந்நோயினால் மரிப்பது 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். நிலக்கடலை பறிக்கிற வயல்களிலிருந்து வந்த அந்தப் பெண்களால் முடிந்தது, பட்டணத்தில் குடியிருக்கிற நம்மால் முடியவில்லை.

முடியவில்லை என்பதை அரசின் கணக்கே சொல்லுகிறது. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட தங்கள் ஆயுசில் ஒருமுறையும் இச்சோதனை செய்துகொண்டதில்லை என்று கண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் அது நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நெருங்கியிருந்தது. ஊரில் இருந்திருந்தால் ஒரு நர்ஸம்மா வீடு தேடி வந்து நம் பாஷையில் விளக்கிக் கூப்பிட்டிருப்பார். பிழைப்புக்காக மும்பைக்கும் புனேக்கும் பெங்களூருக்கும் டில்லிக்கும் வந்த நம் பெண்களை யார் கூப்பிடுகிறார்கள்? கூப்பிட்டாலும் அது இந்தியிலோ மராத்தியிலோ இருக்கிறது.

நோய் வருகிற வழி

இந்நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி. ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ஸுர் ஹவுசன் இதைக் கண்டுபிடித்ததற்காக 2008-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இக்கிருமியில் பல வகைகள் உண்டு. 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகளே பத்தில் ஏழு பேருக்கு நோயைக் கொண்டுவருகின்றன.

இது தாம்பத்திய உறவினால் பரவுகிறது. இவ்விடத்தில்தான் நம் சபைகளில் காதுகள் கூர்மையாகின்றன. "அப்படியானால் அவள் எப்படிப்பட்டவளோ" என்று கிசுகிசுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இதைக் கவனித்துக் கேளுங்கள். 1842-ஆம் ஆண்டிலேயே இத்தாலி தேசத்து வெரோனா நகரத்தின் மரணப் பதிவுகளை ஆராய்ந்த ஒரு வைத்தியர், இந்நோய் கன்னியாஸ்திரீகளிடத்தில் அரிதாகவும், விவாகமானவர்களிடத்திலும் விதவைகளிடத்திலும் அதிகமாகவும் இருப்பதைக் கண்டார். விவாகமாகி, கணவனுக்கு உண்மையாய் இருக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது வரலாம். உறவு கொள்ளும் ஆண் பெண் இருபாலரிலும் பெரும்பாலோருக்கு ஆயுசில் எப்போதாவது ஒருமுறை இக்கிருமி தொற்றுகிறது. அநேகருக்கு ஓரிரு வருடங்களுக்குள் சரீரமே அதை ஜெயித்துவிடுகிறது; வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது.

ஒரு சகோதரர் இரட்சிக்கப்படுவதற்கு முன் இருந்த வாழ்க்கையில் அக்கிருமியைப் பெற்றிருக்கலாம். அவருடைய பாவம் மன்னிக்கப்பட்டது. ஆனால் ஞானஸ்நானத் தண்ணீரில் வைரஸ் கரைவதில்லை. அவருக்கு ஒரு நோயும் இல்லாதிருக்கலாம்; நோய் அவர் மனைவிக்கு வரலாம். ஆகையால் இந்நோய் கண்ட சகோதரியின் ஒழுக்கத்தை ஆராய நமக்கு எந்த நியாயமும் கிடையாது. புகைபிடிக்கும் பழக்கம், எச்.ஐ.வி. தொற்று, அநேக பிரசவங்கள் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. வீட்டிலே பீடி பிடிக்கிறவர் இருந்தால் அதையும் யோசிக்கட்டும்.

தங்கிவிட்ட கிருமி உடனே புற்றுநோயாக மாறுவதில்லை. செல்கள் மெள்ள மெள்ள மாறிப் புற்றாவதற்குப் பொதுவாகப் பத்து முதல் இருபது வருடங்கள் ஆகின்றன. அவ்வளவு காலமும் வலி இல்லை, இரத்தம் இல்லை, ஒரு அடையாளமும் இல்லை. அந்தக் காலத்துக்குள் கண்டுகொண்டால், மாறிய செல்களைச் சுட்டோ உறையவைத்தோ அழித்துவிடுகிறார்கள். சில நிமிட வேலை. மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைப்பதில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். சில வாரங்கள் நீர்போல் கசிவு இருக்கும்; அதுவரை தாம்பத்திய உறவைத் தவிர்க்கச் சொல்வார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. எங்கள் சகோதரி முப்பத்தைந்து வயதிலோ நாற்பதிலோ ஒருமுறை சோதித்திருந்தால் பெரும்பாலும் காரியம் இவ்வளவோடு முடிந்திருக்கும். 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி நம் தேசத்தில் அந்த ஒரே வருடத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்நோய் கண்டது. ஏறக்குறைய 80,000 பேர் மரித்தார்கள்.

ஆகவே "எனக்கு ஒன்றுமில்லை பாஸ்டர், நான் ஏன் போகவேண்டும்" என்கிற சகோதரிகளுக்கு என் பதில்: ஒன்றுமில்லாதவர்களுக்காகவே இச்சோதனை ஏற்பட்டது.

சோதனைக்குப் போகிறவர்களுக்கு

30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை காடிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மத்திய அரசு 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. இதைத் தவிர, செல்களைத் துடைத்தெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிற பாப் ஸ்மியர் சோதனையும், கிருமி இருக்கிறதா என்றே பார்க்கிற ஹெச்.பி.வி. சோதனையும் உண்டு. மாதவிடாய் நின்றவர்களுக்குக் கர்ப்பப்பை வாயின் பார்க்கவேண்டிய பகுதி உள்ளே ஒதுங்கிவிடுவதால் காடிப் பரிசோதனை சரியாகத் தெரியாமற்போகலாம். அவர்களுக்கு மற்ற இரண்டில் ஒன்று ஏற்றது. மாதவிலக்கு நாட்களில் போகவேண்டாம். குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்தவர்கள், "எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிற்றே" என்று இருந்துவிடக்கூடாது. அது வேறு, இது வேறு. கர்ப்பப்பையையே எடுத்தவர்கள், வாய்ப்பகுதியும் எடுக்கப்பட்டதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காடி தடவி வெளுத்துத் தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமல்ல. சாதாரணப் புண்ணும் சில சமயம் அப்படிக் காட்டும். மேற்கொண்டு பார்க்கவேண்டும் என்பதே அதன் பொருள். பயந்து அடுத்த தேதிக்குப் போகாமல் இருந்துவிடுகிறவர்களே அதிக நஷ்டம் அடைகிறார்கள்.

பெண் பணியாளர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாநகராட்சி மருத்துவமனைச் சீட்டு வாங்குமிடத்தில் என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பிவந்த சகோதரிகளை நான் அறிவேன். இந்தியில், "பச்சேதானி கே முஹ் கீ ஜாஞ்ச் கர்வானீ ஹை" என்று சொல்லுங்கள். மராத்தியில், "கர்பாஷயாச்யா தோண்டாசீ தபாஸணீ." பெங்களூரில் இருப்பவர்கள், "கர்பகண்டத கேன்ஸர் பரீக்ஷே" என்றால் புரிந்துகொள்வார்கள். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாலும் வெட்கமில்லை.

ஆனால் பின்வரும் அடையாளங்கள் ஏற்கெனவே இருக்குமானால் சோதனை முகாம் வரும்வரை காத்திராதீர்கள். அந்த வாரத்திலேயே பெண்கள் நல மருத்துவரிடம் போங்கள். மாதவிடாய் நின்றபின் மறுபடியும் இரத்தம் காணுதல், தாம்பத்திய உறவுக்குப்பின் இரத்தம் படுதல், இரண்டு மாதவிடாய்க்கு நடுவே உதிரப்போக்கு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், விடாத இடுப்பு வலி. ஒவ்வொன்றுக்கும் வேறு சாதாரணக் காரணமும் இருக்கலாம். அதை மருத்துவர் சொல்லட்டும்.

பெண்பிள்ளைகளின் ஊசி

கிருமி தொற்றுவதற்கு முன்னே அதைத் தடுக்கிற ஊசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது மிகவும் நல்லது. புனேயிலுள்ள சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவேக் என்னும் இந்தியத் தடுப்பூசிக்கு 2022-ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. மறு வருடம் ஒரு டோஸ் சுமார் 2,000 ரூபாய் விலையில் கடைக்கு வந்தது. சிக்கிம் மாநிலமோ 2018-ஆம் ஆண்டிலேயே பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு இத்தடுப்பூசியை இலவசமாகப் போட்டது. உங்கள் பகுதி அரசு மையத்தில் எந்த வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடுகிறார்கள் என்று ஆஷா பணியாளரிடம் கேளுங்கள். ஒரு டோஸே 9 முதல் 20 வயதுள்ளவர்களுக்குப் போதிய பாதுகாப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. இரண்டோ மூன்றோ போடச்சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அவரவர் மருத்துவர் சொன்னபடி செய்யலாம்.

2010-ஆம் ஆண்டு ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த தடுப்பூசித் திட்டம் நிறுத்தப்பட்டதைச் சிலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஊசி போட்ட சிறுமிகள் சிலர் மரித்ததாகச் செய்தி வந்தது. விசாரித்தபோது பாம்புக்கடி, தண்ணீரில் மூழ்கியது போன்ற வேறு காரணங்கள் தெரியவந்தன. ஆனால் பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் வாங்காமல் விடுதிக் காப்பாளரிடம் கையெழுத்து வாங்கியது பெருந்தவறு. அதைக் கண்டித்தது சரியே. அந்தச் சமயத்தில் வேறொரு ஆய்வும் பாதியில் நின்றுபோனது. அதில் ஒரே டோஸ் பெற்ற இந்தியப் பிள்ளைகளைப் பல வருடங்கள் கவனித்துவந்ததிலும், ஒரு டோஸும் காக்கிறது என்பது தெரியவந்தது.

"என் மகள் பரிசுத்தமாய் வளர்கிற பிள்ளை, அவளுக்கு இந்த ஊசி எதற்கு" என்று ஒரு தகப்பனார் என்னிடம் கோபமாகவே கேட்டார். "அண்ணே, பிள்ளை துருப்பிடித்த ஆணியை மிதிப்பாள் என்று நிச்சயித்தா டெட்டனஸ் ஊசி போட்டீர்கள்? நாளைக்கு உங்கள் மருமகனாய் வருகிறவரின் பழைய நாட்களுக்கு நீங்கள் உத்தரவாதம் கொடுப்பீர்களா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஊசி போட்டாரா என்று நானும் கேட்கவில்லை. ஊசி போட்ட பிள்ளைகளும் முப்பது வயதானபின் சோதனைக்குப் போகவேண்டும் என்பதை மறவாதிருங்கள்.

சுகமளிக்கிறவர் கர்த்தர் என்று விசுவாசிக்கிற சபை நம்முடையது. நானும் இன்றும் வியாதியஸ்தர்மேல் கைவைத்து ஜெபிக்கிறேன். எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டப்பட்டபோதும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் போடச் சொன்னார். சுவிசேஷத்தை எழுதிய லூக்காவே வைத்தியர். பெரும்பாடுள்ள ஸ்திரீயோ, ஜனக்கூட்டத்துக்கு நடுவிலே தனக்குள்ளதை முழுவதும் சொன்னவள். என் பழைய பிரசங்கத்தில் நான் சொல்லாமல் விட்டது அந்தப் பகுதியைத்தான்.

இப்பொழுது எங்கள் சபையில் என் மனைவி மூன்று மாதத்துக்கு ஒருமுறை சகோதரிகளுக்கென்று ஒரு சனிக்கிழமையை ஒதுக்கியிருக்கிறாள். ஆண்கள் யாரும் உள்ளே வருவதில்லை, நான் உட்பட. அங்கே பேசுவது எதுவும் எனக்குச் சொல்லப்படுவதில்லை என்று முதல் நாளிலேயே எல்லாருக்கும் அறிவித்துவிட்டாள். மருத்துவமனைக்கு ஐந்து ஆறு பேராய்ச் சேர்ந்து போகிறார்கள். இந்தி தெரிந்த ஒரு தங்கச்சி கூடப் போகிறாள். சிறு பிள்ளைகளை அன்று சபைக் கட்டிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது சகோதரர்களின் வேலை. முதல் முறை நாங்கள் பட்ட பாட்டைக் கேட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

அந்த இட்லி வியாபாரியின் மகளுக்கு இப்பொழுது முப்பது வயது கடந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளின் தாய். சென்ற முறை அவளும் போனாள். போவதற்குமுன் இரண்டு நாள் தூங்கவில்லை என்று, கேளாமலே அவளே என்னிடம் சொன்னாள். குறை ஒன்றும் இல்லை, ஐந்து வருடம் கழித்து வாருங்கள் என்றார்களாம். அவள் தாயாரின் வேதாகமம் அவளிடம்தான் இருக்கிறது. அதன் முதல் தாளில் பிறந்த நாள், ஞானஸ்நானம், விவாகம் என்று வரிசையாகத் தாயாரின் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. அதன் கீழே அடுத்த சோதனையின் மாதத்தையும் வருடத்தையும் எழுதி வைத்திருக்கிறாள்.